15 லட்சம் சதுர அடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? – பழைய பிரம்மாண்டக் கட்டடங்கள் பற்றிய கேள்வி பதில்

தபால்வழி விற்பனைக் கிடங்கு, டிபார்ட்மென்ட் ஸ்டோர் மாதிரியான பழைய பெரிய வணிகக் கட்டடங்களை மறுபடி உயிர்ப்பிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் கட்டமைப்புப் பொறியாளர், இந்த வகைக் கட்டடங்கள்தான் என் பிழைப்பு. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு உறுதியான கட்டடங்கள் ஏன் வருஷக்கணக்கில் பூட்டியே கிடக்கின்றன?

அளவுதான் காரணம். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனை நிறுவனம் கட்டியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவில் 1926, மெம்ஃபிஸில் 1927, மினியாபொலிஸில் 1928. மக்கள் விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் எழுதிப் போடுவார்கள், மேல்மாடிகளில் எடுத்த சரக்கு சுருள் சறுக்குப்பாதைகளில் கீழே இறங்கி வெளியூருக்குக் கிளம்பும். சரக்குக்கு ஜன்னலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், அதனால் தளத்தை எவ்வளவு அகலமாகவும் கட்டலாம். அந்த வியாபாரம் போனபிறகு அத்தனை இடத்தையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. சுமார் 15 லட்சம் சதுர அடி கொண்ட மெம்ஃபிஸ் கட்டடம் 1993இல் மூடியது, 2017இல்தான் திறந்தது. அட்லாண்டாவில் இருப்பது இன்னும் பெரிது. அதை மாநகராட்சியே வாங்கி அலுவலகமாக வைத்துப் பார்த்தும் முழுக்க நிரம்பவில்லை. 2011இல் தனியார் கைக்குப் போய், 2014இல் கடைகள், அலுவலகங்கள், வீடுகள் எல்லாம் கலந்த இடமாகத் திறந்தது.

கேள்வி (கட்டடக்கலை மாணவி): வீட்டுத் தட்டுப்பாடு இவ்வளவு இருக்கும்போது மொத்தத்தையும் அபார்ட்மென்டாக மாற்றிவிட்டால் என்ன சார்?

எனக்கும் அந்த ஆசை உண்டும்மா, ஆனால் தளத்தின் நடுப்பகுதி விடாது. தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். 12 அடி உயர ஜன்னல் என்றால் 24 முதல் 30 அடி வரை. தளத்தின் அகலம் 200 அடி என்று வையுங்கள், இரண்டு பக்கமும் முப்பது முப்பது போனால் நடுவில் 140 அடிக்கு இருட்டு. அங்கே யாரைப் படுக்க வைப்பது?

வழி இரண்டு. ஒன்று, நடுவில் தளங்களை வெட்டி மேலிருந்து கீழ்வரை வெளிச்சக் கிணறு, அதாவது ஏட்ரியம், இறக்குவது. மெம்ஃபிஸில் அதைத்தான் செய்தார்கள். இரண்டு, வெளிச்சம் வேண்டாத வேலைகளை நடுவில் வைப்பது: அரங்கம், ஸ்கேன் அறை, ஒலிப்பதிவுக் கூடம், சமையல்கூடம், சரக்கறை. ஜன்னல் ஓரத்தை வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் விட்டுவிடுங்கள். பயன்பாடுகளைக் கலப்பது ஏதோ இப்போதைய ஃபேஷன் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை, கட்டடத்தின் குறுக்களவே அதைத்தான் கேட்கிறது.

தளத்தை வெட்டச் சொன்னால் உரிமையாளர்கள் பதறுவார்கள், வாடகைக்கு விடும் இடம் அவ்வளவும் போகிறதே என்று. வெட்டாமல் விட்டால் அதே இடம் வாடகைக்குப் போகாமல் கிடக்கும், அதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: நூறு வருஷக் கான்கிரீட்டை நம்பலாமா? அதில் ஓட்டை வேறு போடலாமா?

பலம் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே இருக்கும். அமெரிக்க விதிகளில் கனரகக் கிடங்குத் தளத்துக்குச் சதுர அடிக்கு 250 பவுண்டு பளு, வீட்டுக்கு 40 பவுண்டுதான். இது சும்மா கிடைக்கிற சேமிப்பு, மொட்டைமாடித் தோட்டத்தையோ நூலகத்தையோ தைரியமாக யோசிக்கலாம்.

ஆனால் பழைய வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், கட்டடத்தைக் கேளுங்கள். முதலில் சுத்தியலை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீர் என்றால் நல்லது. பொத்துப் பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்படலம் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அப்புறம் புதிதாக உடைத்த பரப்பில் ஃபினால்ஃப்தலீன் என்ற, காரத்தன்மையை நிறத்தால் காட்டும் கரைசலைத் தெளியுங்கள். ஆரோக்கியமான கான்கிரீட் பளிச்சென்று ரோஸ் நிறமாகும், காற்றிலிருக்கும் கரியமிலவாயு நுழைந்து காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது, அதனால் அந்த எல்லைக்கோடு கம்பி வரை வந்துவிட்டதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் காலத்துக் கிடங்குகளில் உத்திரம் இருக்காது, காளான் மாதிரி தலை விரிந்த தூண்கள் நேராகத் தளத்தைத் தாங்கும். அந்தத் தலையைச் சுற்றி ஓட்டை போடவே கூடாது, தூண் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. நான்கு தூண்களுக்கு நடுவிலுள்ள கட்டத்தில் வெட்டலாம். அதிலும் பழைய தளங்கள் சிலவற்றில் கம்பி குறுக்கும் நெடுக்கும் மட்டுமல்ல, மூலைவிட்டமாகவும் ஓடும், வெட்டும்போது அந்தத் தொடர்ச்சியும் அறுபடும். இதுவரை நடுக்கட்டமாக இருந்த பக்கத்துக் கட்டம் திடீரென்று ஓரக்கட்டமாகி வேறு விதமாக வளையும், ஆகவே வெட்டும் முன் முட்டுக் கொடுத்து விளிம்பைப் பலப்படுத்துவது கட்டாயம்.

கேள்வி: துருப்பிடித்த இரும்பு ஜன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டால் ஏசி செலவு மிச்சம்தானே?

கழற்றுமுன் ஒவ்வொன்றையும் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் கீழ்ச்சட்டம்தான் அரித்திருக்கும், மேலே திடமாக இருக்கும். பழுதுபார்த்து உள்பக்கம் இன்னொரு கண்ணாடி சேர்க்கலாம். இன்னொன்று, குளிர்ப் பிரதேசத்தில் செங்கல் சுவருக்கு உள்பக்கமாகத் தடிமனான வெப்பக் காப்புப் படலம் ஒட்டினால் சுவர் வெதுவெதுப்பு இழந்து ஈரம் உள்ளேயே தங்கும், அது உறைந்து உருகும்போது செங்கல் செதில் செதிலாக உதிரும். மின்கட்டணத்தை மட்டும் பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: பணம் யார் போடுவார்கள்?

ஒரே ஆள் போட மாட்டார். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தை வருமானம் தரும் பயன்பாட்டுக்காகப் புதுப்பித்தால், தகுதியுள்ள செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழியும். 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு அது ஐந்து வருஷத்துக்குப் பிரித்துக் கிடைக்கிறது. சும்மா கொடுக்க மாட்டார்கள், கட்டடத்தின் தனித்தன்மை போகாமல் வேலை நடக்கிறதா என்று வரலாற்றுக் கட்டடங்களையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான தேசியப் பூங்கா சேவை பார்க்கும். ஏட்ரியம் எங்கே வெட்டுகிறீர்கள் என்பதும் அவர்கள் கண்ணில் படும், அதனால் வரைபடம் முடிந்தபிறகு போகாமல் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். மெம்ஃபிஸில் செலவு 20 கோடி டாலருக்கு மேல், பல கைகளிலிருந்து சேர்த்ததுதான்.

கேள்வி: கட்டி முடித்தபிறகு ஆள் வராவிட்டால்?

அதனால்தான் ஆளைப் பிடித்தபிறகு கட்ட வேண்டும் என்கிறேன். மெம்ஃபிஸ் முயற்சியை முன்னெடுத்தவர்களில் ஒருவர் டாட் ரிச்சர்ட்சன், கலை வரலாற்றுப் பேராசிரியர், ரியல் எஸ்டேட்காரர் இல்லை. 2010இல் அவர்கள் முதலில் ஆரம்பித்தது ஒரு கலை அமைப்பு. கட்டடம் பூட்டியிருக்கும்போதே அக்கம்பக்கத்தில் கண்காட்சி, நிகழ்ச்சி என்று நடத்தி மக்களை அந்தப் பக்கம் வரவைத்தார்கள். மருத்துவ சேவை, கல்வி, கலை சார்ந்த நிறுவனங்கள் முன்கூட்டியே வருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் 2015இல் கட்டுமானம் தொடங்கியது. இன்று மருத்துவமனைக்கு வருகிறவரும் பள்ளிப் பிள்ளையும் மேலே குடியிருப்பவரும் ஒரே ஏட்ரியத்தில் நடக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

கேள்வி: சுற்றி வாழும் ஏழைகள் வாடகை ஏறி வெளியேறிவிட மாட்டார்களா?

நடக்கும், மறைக்க மாட்டேன். அட்லாண்டாவில் அந்தக் கட்டடத்தை ஒட்டிப் போகும் பெல்ட்லைன் நடைபாதைப் பக்கம் வீட்டு விலை நன்றாகவே ஏறியது. வரிச்சலுகையோ பொதுப்பணமோ தரும்போதே குறைந்த வாடகை வீடுகள் இத்தனை, உள்ளூர்ச் சிறு கடைகளுக்கு இடம் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். திறப்பு விழா முடிந்தபிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டலாமா?

வேண்டாம். நூறு வருஷமாக நிற்கும் தூண்களையும் தளங்களையும் குப்பையாக்கிவிட்டு மறுபடி சிமென்டும் இரும்பும் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறது, திட்டமும் இல்லை, பணமும் இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

தண்ணீரை நிறுத்துங்கள். கூரையின் வடிகால் வாய்களைச் சுத்தம் செய்து, உடைந்த ஜன்னல்களைப் பலகையால் மூடி, உள்ளே காற்று ஓட அங்கங்கே சின்னத் திறப்பு விடச் சொல்லி உரிமையாளரையோ உள்ளாட்சியையோ நச்சரியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் இருக்கலாம், பரிசோதிக்காமல் எதையும் சுரண்ட வேண்டாம். ஆவணக் காப்பகத்தில் மூல வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள், கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஒரு தாள் கிடைத்தாலே எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.