ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 4 ஓமை நம்பலாமா? – ஒலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரின் கதவில் உள்ள ஆறரை அங்குல வூஃபருக்கும் டேஷ்போர்டு ஓரத்தில் உள்ள ட்வீட்டருக்கும் நானே பாஸிவ் கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும், தனி மின்சாரம் தேவைப்படாத இணைப்பு) செய்தேன். இரண்டும் 4 ஓம். 3000 ஹெர்ட்ஸில் பிரிய வேண்டும் என்று, 12 டெசிபல் சரிவுக்கான (பிரியும் இடத்தைத் தாண்டி, அதிர்வெண் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதோ பாதியாகும்போதோ ஒலி 12 டெசிபல் குறையும் வகை) சூத்திரப்படி 6.6 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களும் 0.42 மில்லிஹென்ரி காயில்களும் போட்டிருக்கிறேன். ஆனாலும் பாடும் குரல் கதவிலிருந்து கத்துவது போல் கேட்கிறது. எங்கே பிழை?

பதில்: உங்கள் கணக்கில் பிழை இல்லை. லிங்க்விட்ஸ்-ரைலி வகைக்கு (பிரியும் இடத்தில் ஒவ்வொரு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும் கிராஸ்ஓவர் வகை), 79,577-ஐ அதிர்வெண்ணாலும் ஓமாலும் வகுத்தால் கெப்பாசிட்டரின் மதிப்பு மைக்ரோஃபாரடில் கிடைக்கும், 318.3-ஐ ஓமால் பெருக்கி அதிர்வெண்ணால் வகுத்தால் காயிலின் மதிப்பு மில்லிஹென்ரியில் கிடைக்கும். நீங்கள் போட்டிருப்பவை சரியாக அந்த மதிப்புகளே. ஆனால், எந்த அதிர்வெண்ணிலும் மாறாத 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்று எதிரே இருக்கிறது என்று எண்ணித்தான் அந்தச் சூத்திரம் எழுதப்பட்டது. ஸ்பீக்கர் அப்படிப்பட்ட பொருள் அல்ல. அதன் உள்ளே கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பெயருக்கேற்பத் தானும் ஒரு காயில்தான். அதிர்வெண் ஏற ஏற அதன் மின்மறிப்பும் (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, இதுவும் ஓமில்தான் அளக்கப்படும்) ஏறிக்கொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மல்டிமீட்டரில் 3.2 ஓம் காட்டும் ஒரு வூஃபரின் வாய்ஸ் காயிலுக்கு 0.4 மில்லிஹென்ரி இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் காயிலின் தன்மை) இருப்பதாகக் கொள்ளுங்கள். 3000 ஹெர்ட்ஸில் அந்த இண்டக்டன்ஸ் மட்டுமே 7.5 ஓம் தடை தரும். மின்தடையையும் சேர்த்தால் மொத்த மின்மறிப்பு ஏறக்குறைய 8.2 ஓம். உறையில் எழுதியிருப்பதைப் போல இரு மடங்கு. இந்த வூஃபருக்கு முன்னால் நீங்கள் செய்த கிராஸ்ஓவரை வைத்துக் கணக்கிட்டால், 3000 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் குறைந்திருக்க வேண்டிய மின்னழுத்தம் சிறிதும் குறைவதில்லை. 4000 ஹெர்ட்ஸ் அருகில் நிலைமை இன்னும் மோசம்: கிட்டத்தட்ட 9 டெசிபல் குறைய வேண்டிய இடத்தில், காகிதக் கணக்கின்படி 8 டெசிபலுக்கும் மேல் கூடி நிற்கிறது. உண்மையான வாய்ஸ் காயிலில் உள்ள இழப்புகளால் இந்த மேடு சற்றுத் தாழும் என்றாலும், முற்றிலும் மறைந்துவிடாது. நம் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியும் இதுதான் என்பதால், குரல் கத்துவது போல உங்களுக்குக் கேட்டதில் வியப்பில்லை.

இதற்குத் தீர்வு சோபெல் இணைப்பு. வூஃபரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் ஒன்றன் பின் ஒன்றாக இணைக்க வேண்டும். மல்டிமீட்டர் காட்டும் மின்தடையை 1.25-ஆல் பெருக்கினால் ரெசிஸ்டரின் மதிப்பு வரும். மேலே சொன்ன வூஃபருக்கு அது 4 ஓம். வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸை அந்த ரெசிஸ்டர் மதிப்பின் வர்க்கத்தால் வகுத்தால் கெப்பாசிட்டர் மதிப்பு வரும். இங்கே 25 மைக்ரோஃபாரட். இவற்றைச் சேர்த்த பிறகு 3000 ஹெர்ட்ஸிலும் 4000 ஹெர்ட்ஸிலும் வூஃபரின் மின்மறிப்பு 4.1 ஓம் அளவிலேயே நிற்கும். அப்போதுதான் உங்கள் சூத்திரம் சொன்னபடி நடக்கும்.

இண்டக்டன்ஸ் மதிப்பு தெரியாவிட்டால் அளந்து கொள்ளலாம். அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வூஃபரோடு 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த அளவில் கொடுங்கள். வூஃபரின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை ரெசிஸ்டரின் குறுக்கே உள்ளதால் வகுத்துப் பத்தால் பெருக்கினால், அந்த அதிர்வெண்ணில் அதன் மின்மறிப்பு கிடைக்கும். மேலே இண்டக்டன்ஸையும் மின்தடையையும் சேர்த்த கணக்கைத் திருப்பிப் போட்டால், அதிலிருந்து இண்டக்டன்ஸ் வரும். மலிவான மல்டிமீட்டர்கள் பல இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் குறைத்துக் காட்டும். ஆனால் இரண்டு அளவுகளும் ஒரே மீட்டரில், ஒரே ரேஞ்சில் எடுக்கப்படுவதால், வகுக்கும்போது அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். காகிதமும் பேனாவும் எடுத்து, 500 ஹெர்ட்ஸ் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளை அளந்து குறித்துக் கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வளைகோட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு கெப்பாசிட்டர்கூட வாங்க வேண்டாம்.

கேள்வி: பழைய வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் இருந்த தரமான கிராஸ்ஓவரைக் காரின் 4 ஓம் ஸ்பீக்கர்களுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வீட்டு ஸ்பீக்கர்கள் பல 8 ஓம் கணக்கில் செய்யப்பட்டவை. அது 6 டெசிபல் சரிவு உடைய எளிய வகையாக இருந்து, 3000 ஹெர்ட்ஸில் பிரிந்துகொண்டிருந்தது என்றால், 4 ஓமில் வூஃபர் 1500 ஹெர்ட்ஸிலேயே இறங்கத் தொடங்கிவிடும். ட்வீட்டரோ 6000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுமையாக ஒலிக்கும். இடையில் ஒரு பெரும் பள்ளம் விழும். 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி வகையில் பிரியும் இடம் நகராது. ஆனால் அந்த இடத்தில் ஒவ்வொரு பக்கமும் 6 டெசிபலுக்குப் பதிலாக 12 டெசிபல் இறங்கி, கூட்டு ஒலியில் 6 டெசிபல் குறைவு ஏற்படும். காயில்களையும் ஃபிலிம் கெப்பாசிட்டர்களையும் கழற்றி, மதிப்பை அளந்து, புதிய கணக்கில் பொருந்தினால் பயன்படுத்துங்கள். நல்ல பொருளை வீணாக்க வேண்டியதில்லை.

கேள்வி: 12 டெசிபல் கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி இணைக்க வேண்டும் என்கிறார்கள். காரிலும் அப்படித்தானா?

பதில்: ஏட்டின்படி ஆம். பிரியும் இடத்தில் இரு பக்கங்களுக்கும் இடையே 180 பாகை வேறுபாடு வருவதால், ஒன்றைத் திருப்பினால்தான் இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் சேரும். ஆனால் அந்த விதி, இரு ஸ்பீக்கர்களும் காதிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும்போது பொருந்துவது. 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 11.4 சென்டிமீட்டர் நீளமே உடையது, 5.7 சென்டிமீட்டர் தொலைவு வேறுபாடே அலையை நேர் எதிராகத் திருப்பிவிடும். வூஃபர் முழங்காலுக்கு அருகிலும் ட்வீட்டர் கண்ணாடித் தூணிலும் இருக்கும் காரில், வேறுபாடு அதைவிடப் பல மடங்கு இருப்பது இயல்பு. எனவே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஒரு பக்கத்து ஸ்பீக்கர்களை மட்டும் ஒலிக்கவிட்டு, இரு விதமாகவும் இணைத்துக் கேளுங்கள். பிரியும் அதிர்வெண்ணைச் சுற்றி எது நிறைவாக ஒலிக்கிறதோ அதுவே உங்கள் காருக்குச் சரியான இணைப்பு.

கேள்வி: சப்வூஃபரையும் 80 ஹெர்ட்ஸில் பாஸிவ் முறையிலேயே பிரிக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் செய்ய வேண்டாம். 4 ஓமுக்கு ஏறத்தாழ 16 மில்லிஹென்ரி காயிலும் 250 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தேவைப்படும். அத்தனை பெரிய காயிலின் கம்பித் தடையே ஆம்ப்ளிஃபயரின் திறனைத் தின்றுவிடும். சப்வூஃபரின் ஒத்ததிர்வு மேடு (கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண்ணில் மின்மறிப்பு எகிறும் இடம்) அந்தப் பகுதியிலேயே அமைவதால், கணக்கும் பொய்க்கும். தனி ஆம்ப்ளிஃபயரும் அதற்கு முன்னால் ஆக்டிவ் கிராஸ்ஓவரும் (தனி மின்சாரத்தில் இயங்கும் வகை) வைப்பதே முறை.

கேள்வி: எல்லாம் சரியாக வந்துவிட்டது, ட்வீட்டர் மட்டும் சற்று ஓங்கி ஒலிக்கிறது. தவிர, கிராஸ்ஓவரைக் கதவுக்குள் பொருத்தலாமா?

பதில்: ட்வீட்டரோடு ஒரு ரெசிஸ்டரைத் தொடராக மட்டும் போட்டால், கிராஸ்ஓவர் காணும் ஓம் மதிப்பு மாறி, பிரியும் இடமும் நகர்ந்துவிடும். எனவே இரு ரெசிஸ்டர்கள் கொண்ட எல்-பேட் இணைப்பைப் பயன்படுத்துங்கள்: தொடராக 1.2 ஓம், அதற்குப் பின் ட்வீட்டரின் குறுக்கே 10 ஓம். ஒலி 3 டெசிபல் குறையும். கிராஸ்ஓவருக்கு அது 4 ஓமாகவே தெரியும். 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் போதும்.

கதவுக்குள் மழைநீர் இறங்கும். ஆகவே கூடுமானால் உட்புறத்திலேயே இடம் தேடுங்கள். இரும்புத் தகட்டை ஒட்டியும் வைக்காதீர்கள். ஏர்-கோர் காயிலை (நடுவில் இரும்பு இல்லாதது) எல்.சி.ஆர். மீட்டரில் (காயில், கெப்பாசிட்டர் மதிப்பை அளக்கும் கருவி) மாட்டிக்கொண்டு, அதை மெதுவாகக் கதவுத் தகட்டின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். திரையில் எண் நகர்வது உங்கள் கண்ணுக்கே தெரியும். காயிலின் காந்தப்புலம் அருகில் உள்ளவற்றோடு கலந்துவிடுவதே காரணம். அதே காரணத்தால், இரு காயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் படுக்க வைக்காமல், ஒன்றைப் படுக்க வைத்து மற்றதை நிமிர்த்தி, இடையே சில அங்குலம் விட்டு, பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டுங்கள். இரும்புத் திருகை மட்டும் காயிலின் நடுத்துளை வழியாகச் செலுத்திவிடாதீர்கள்.