மூஸ் கறிக்குப் பணம் கொடுக்காதீர்கள், தம்பி

கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கிராண்ட் பிரெய்ரிக்கு வேலைக்கு வந்திருக்கிறேன், வாடகை என்ன, எந்த ஜாக்கெட் வாங்கலாம், கூட வேலை பார்ப்பவர் ஐம்பது டாலருக்கு மூஸ் மான் கறி தருகிறேன் என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, ஜாக்கெட் பற்றிப் பத்துப் பேர் சொல்வார்கள், விடுங்கள். கறியை மட்டும் காசுக்கு வாங்காதீர்கள். ஆல்பர்ட்டாவில் வேட்டைக் கறியை விற்பதும் வாங்குவதும் குற்றம். கடையில் விற்கும் எல்க் மானும், பைசன் என்கிற காட்டெருதும் பண்ணையில் வளர்ந்தவை, அது வேறு.

2005 ஜனவரியில் வந்த எனக்கு இதை ஒருத்தரும் சொல்லவில்லை. நாற்பது டாலருக்கு வாங்கி, மிளகுப் பிரட்டல் செய்து, டப்பாவில் வேலைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த க்ரீ பழங்குடிப் பெரியவர் ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டார். விலையைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஹோர்ஸ்மன் வழக்கை முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான்.

பெர்ட் ஹோர்ஸ்மன் இந்தப் பக்கத்துக்காரர். 1899 இல் பிரிட்டிஷ் அரசியோடு, வேட்டை உரிமைக்கு உறுதி தந்த எட்டாம் உடன்படிக்கையைச் செய்துகொண்ட பழங்குடி மக்களின் வழிவந்தவர். 1983 இல், சுட்ட மூஸை எடுக்கத் திரும்பிப் போனவர்மீது கிரிஸ்லி கரடி பாய்ந்தது. உயிர் பிழைக்கச் சுட்டார். ஒரு வருஷம் கழித்துக் கையில் காசில்லாமல், கரடி வேட்டை உரிமம் ஒன்று எடுத்து, அந்தத் தோலை 200 டாலருக்கு விற்றார். விற்றதற்காக வழக்கு வந்தது. விற்பதும் உடன்படிக்கை தந்த உரிமை, மாகாணச் சட்டம் அதைத் தொட முடியாது என்று உச்ச நீதிமன்றம் வரை போராடினார். 1990 இல் நாலுக்கு மூன்று என்று தோற்றார். அந்த உரிமை முதலில் இருந்தது உண்மை, ஆனால் அரசியலமைப்பில் சேர்ந்த 1930 ஒப்பந்தம் அதை உணவுக்கான வேட்டையாகச் சுருக்கிவிட்டது என்றார்கள். அந்த மக்களைக் கேட்காமலே கனடா அரசும் மாகாண அரசும் போட்ட ஒப்பந்தம் அது! எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்பதற்காகச் சுட்டுச் சுட்டுத்தான் இந்தச் சமவெளியில் பைசனை ஒழித்தார்கள். ஆனால் மண்ணின் மக்களே 200 டாலருக்காக நீதிமன்றம் ஏறிய ஊரில், நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் "மான் கறி வேண்டுவோர் பணம் அனுப்பவும்" என்று போடுகிறார்களே, அதைப் பார்த்தால் கோபம் வருகிறது. இருபது வருஷம் இருந்தவர்களும் அதில் உண்டு. ஒரே ஒரு தடவை விற்றாலும் குற்றம்தான், பண்டமாற்றும் அதில் சேர்த்தி.

சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வேட்டையாடியவர் பெயர், உரிம எண் எழுதிய சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெரியவர் மறு வருஷம் பழுப்புத் தாளில் சுற்றிய மூஸ் தொடைக்கறி கொண்டுவந்தார். பதிலுக்கு அம்மா அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை நீட்டினேன். "இன்றைக்கு வேண்டாம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொங்கலன்று வீட்டுக்கு வந்தபோதுதான் வாங்கிக்கொண்டார்.