கோபால்ட்டைத் தொட்டால் பிளாட்டினமும் காந்தமாகுமா?

கேள்வி: பிளாட்டினம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் கோபால்ட் படலத்தின் மேல் பூசினால் அதுவும் காந்தமாகிவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா? கருவியில் தெரிவது கோபால்ட்டின் காந்தமாகவே இருக்கலாமே?
– இயற்பியல் மாணவி ஒருவர்

பதில்: உண்மைதான். உங்கள் சந்தேகமும் நியாயமானது, அதனால் முதலில் அதற்கே வருகிறேன். சாதாரண காந்தமானியில் வைத்தால் இரண்டு உலோகமும் சேர்ந்த மொத்தக் கணக்குதான் கிடைக்கும், எது யாருடையது என்று தெரியாது. அதற்காகத்தான் எக்ஸ் கதிரின் ஆற்றலை பிளாட்டினம் மட்டும் உறிஞ்சும் இடத்தில், ஏறக்குறைய 11.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நிறுத்தி, இடச்சுழியாக ஒருமுறையும் வலச்சுழியாக ஒருமுறையும் அனுப்பிப் பார்க்கிறார்கள். இரண்டிலும் உறிஞ்சும் அளவு வேறுபட்டால் அந்தக் காந்தம் பிளாட்டினத்தினுடையதுதான், கோபால்ட் அந்தக் கணக்கிலேயே வராது. வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது.

பிளாட்டினம் காந்தமாவதற்கு ஒரு படி கீழே நிற்கிற உலோகம் (பல்லேடியமும் அப்படித்தான்). எலக்ட்ரான்களுக்கு நாம் வரைகிற எல்லைக்கோடு தெரியாது. தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டு உலோகத்தின் எலக்ட்ரான்களும் கலக்க, கோபால்ட்டின் ஸ்பின் சாய்வு (எலக்ட்ரானின் குட்டிக் காந்தத்தன்மைதான் ஸ்பின், அது ஒரே திசையில் அதிகமாக நிற்பது) இந்தப் பக்கமும் வந்துவிடுகிறது. ஆனால் சில அணு அடுக்குகள் தாண்டுவதற்குள் வேகமாகத் தேய்ந்து, பிளாட்டினம் பழையபடி ஆகிவிடும்.

சில அடுக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் கோபால்ட் தகட்டில் கிட்டத்தட்ட 50 லட்சம் அணு அடுக்குகள், அதில் வெளியைத் தொடுவது 2. அதையே ஒரு நானோமீட்டர் படலமாக்கினால் மொத்தமே 5 அடுக்கு, அதில் 2 எல்லையில்! அப்புறம் எல்லை சொல்வதுதான் சட்டம். சாதாரணமாகப் படலத்தோடு படுத்திருக்கும் காந்தத் திசை, பிளாட்டினத்தோடு சேர்ந்த இவ்வளவு மெல்லிய கோபால்ட்டில் செங்குத்தாக எழுந்து நிற்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

கேள்வி: எலக்ட்ரானின் ஸ்பினையும் பயன்படுத்தும் மின்னணுவியலான ஸ்பின்ட்ரானிக்ஸில் இதனால் என்ன லாபம்?

பதில்: மெல்லிய அடுக்குகளில் எல்லை சொல்வதுதான் சட்டம் என்றேனே, அதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 1988-இல் இயற்பியலாளர் ஆல்பர்ட் ஃபெர்ட்டின் குழு இரும்பையும் குரோமியத்தையும் மாறி மாறி அடுக்கியது. குரோமியம் 0.9 நானோமீட்டர்தான். இரும்பு அடுக்குகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நின்றன, காந்தப்புலம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பியதும், திரவ ஹீலியக் குளிரில், மின்தடை ஏறக்குறைய பாதியாக இறங்கியது. பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனியாக இதே விளைவைக் கண்டார், இருவருக்கும் 2007-இல் நோபல். 1997-லேயே இது ஹார்ட் டிஸ்கின் படிக்கும் முனைக்கு வந்துவிட்டது.

சரி, ஆய்வகத்தில் நீங்களே படலம் பூசப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்: பூசும்போதே எல்லையில் அணுக்கள் கொஞ்சம் கலந்துவிடும், அந்தக் கலப்பு உலோகமும் காந்தம்தான். எல்லை எவ்வளவு கூர்மை என்று பார்க்காமல் பிளாட்டினத்தின் காந்தத்தை மட்டும் அளந்து முடிவு எழுதிவிடாதீர்கள்.