வெயில் ஏறினால் குடிநீரில் அலுமினியமும் ஏறுமா?

ஏரித் தண்ணீரைப் படிகாரம் (ஓர் அலுமினிய உப்பு) போட்டுத் தெளியவைக்கும் நிலையத்தில் ஆய்வக வேலை பார்த்தவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி (நிலைய ஆபரேட்டர்): சார், ஜனவரியில் லிட்டருக்கு 0.05 மி.கி. இருக்கும் அலுமினியம் மே மாதத்தில் 0.2-ஐத் தொடுகிறது. படிகார அளவை மாற்றவே இல்லையே?

பதில்: தம்பி, தண்ணீர் மாறிவிட்டதே! படிகாரம் தண்ணீரில் அலுமினியம் ஹைட்ராக்சைடு திரள்களாக மாறி அழுக்கோடு படியும். அது மிகக் குறைவாகக் கரையும் பி.ஹெச். (நீரின் அமில-கார அளவு) ஒன்று உண்டு. 25 டிகிரியில் அது சுமார் 6.2, 5 டிகிரியில் 6.8-ஐ நெருங்கும். அதற்கு மேலே போகப்போக அலுமினேட் என்ற கரையும் வடிவமாக மாறிவிடும். அதே பி.ஹெச்.சில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடுதலாகக் கரையும். போதாததற்கு, கோடை மத்தியானத்தில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சி ஏரியின் பி.ஹெச்.சை 9 வரைகூடத் தூக்கிவிடும். காலை ஏழு மணி சாம்பிளில் இது சிக்காது. மூன்று மணிக்கும் எடுங்கள். படிகாரம் கலந்தபின் பி.ஹெச். 6.5 முதல் 7-க்குள் நிற்கட்டும். வடிகட்டிய பிறகு சுண்ணாம்பு போட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி (கனடாவிலிருந்து): அப்படியானால் குளிர்காலத்தில் கவலையே இல்லையா?

பதில்: கரைந்தது குறையும், கரையாதது படுத்தும். 0 டிகிரி நீரின் பாகுத்தன்மை 25 டிகிரி நீரைப்போல இரு மடங்கு. திரள்கள் சின்னதாக, பலமில்லாமல் உருவாகும்; படியவும் நேரமெடுக்கும். சில வடிகட்டியைத் தாண்டிவிடும். சாம்பிளை 0.45 மைக்ரான் தாளில் வடித்தும் வடிக்காமலும் அளந்தால் குட்டு உடையும்: இரண்டிலும் ஒரே எண் என்றால் பி.ஹெச்.சைப் பாருங்கள், வடித்ததில் குறைந்தால் வடிகட்டியைப் பாருங்கள்.

கேள்வி: கொதிக்கவைத்தால் போகுமா அண்ணா?

பதில்: போகாதும்மா, ஆவியாவது தண்ணீர்தான். ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுத்துவிடும். ஆனால் நம் உடம்புக்குள் போகும் அலுமினியத்தில் குடிநீரின் பங்கு வழக்கமாக 5 சதவீதத்துக்கும் கீழே. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: எவ்வளவு வரை சரி?

பதில்: இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் லிட்டருக்கு 0.03 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 0.2 வரை. உலக சுகாதார நிறுவனம் உடல்நலக் கணக்கில் சொல்வது 0.9.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: அவருக்கு மேலே சொன்ன எந்த எல்லையும் பொருந்தாது. டயாலிசிஸ் நீரில் 0.01-தான் உச்சம். குடல் தடுப்பதுபோல் அங்கே தடுப்பில்லை, நேரே ரத்தத்துக்குப் போய்விடும். 1970-களில் இதனால் மூளை பாதித்து இறந்தவர்கள் உண்டு. மையத்தின் ஆர்.ஓ. நீர் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மே மாதத்து அறிக்கையாகக் கேளுங்கள்.