தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றும் குதிரை லாடம்: கேள்வி பதில்

குதிரை லாடத்தில் தேய்ந்த பாகத்தை மட்டும் கழற்றி மாற்றும்படி வடிவமைக்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். லாடம் அடிக்கும் வேலைக்கு வருவதற்கு முன் நான் லேத் பட்டறையில் இருந்தவன். அதனால் குளம்பைப் பற்றியும் மரையைப் பற்றியும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைச் சிலர் வேறு வேறு சொற்களில் கேட்டிருந்தார்கள், அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (இயந்திரவியல் மாணவி): லாடம் தேய்ந்தால் முழுவதையும் பிடுங்கி எறிகிறோம். மேல் பகுதியைக் குளம்பில் நிரந்தரமாக அடித்துவிட்டு, தரையில் உரசும் அடிப்பகுதியை மட்டும் மாற்றினால் என்ன?

பதில்: நல்ல யோசனை. இதே யோசனைக்கு அமெரிக்காவில் 1892 ஆகஸ்ட் 23 அன்று ஆஸ்கர் இ. பிரவுன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் காப்புரிமை பெற்றார். அதன் எண் 4,81,271. குளம்போடு இருக்கும் மேல் லாடம் ஒன்று, அதன் கீழே கழற்றி மாட்டும் துணை லாடம் ஒன்று என இரண்டு அடுக்கு கொண்ட வடிவம் அது.

உங்கள் கேள்வியில் இருக்கும் 'நிரந்தரமாக' என்ற சொல்தான் சிக்கல். குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அப்படி வளரும்போது அதில் அடித்த லாடம் முன்பக்கமாக நகர்கிறது. குதிகால் பக்கம் தாங்கல் குறைந்து, பாரம் தவறான இடத்தில் இறங்குகிறது. ஆகவே லாடம் புதிது போலவே இருந்தாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடித்தே ஆக வேண்டும்.

வடிவமைக்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: குளம்பு தரும் இந்தக் கெடுவுக்கு முன்பே தீர்ந்துபோவது எது? மண் தரையில் நடக்கும் குதிரைக்கு எதுவுமே தீர்வதில்லை. அதற்குச் சாதாரண லாடமே போதும். நாள் முழுவதும் தார்ச்சாலையில் நடக்கும் குதிரைக்கு மூன்று நான்கு வாரத்திலேயே முன்நுனி கரைந்துபோகலாம். அப்போது முழு லாடத்தையும் பிடுங்கி அடித்தால் குளம்புச் சுவரில், அதாவது ஆணி இறங்கும் கடினமான வெளி ஓட்டில், புதிய ஆணி ஓட்டைகள் விழும். பழைய ஓட்டைகள் வளர்ந்து கீழே வருவதற்குள் அவற்றின் பக்கத்திலேயே புதியவை வந்துவிடும். முன்நுனியில் அந்தச் சுவரின் கனம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான்; ஆணி இறங்கும் பக்கங்களில் அதைவிடக் குறைவு. வறண்ட குளம்பு என்றால் இரண்டு முறை அப்படி அடித்ததும் பொரிந்து உதிரத் தொடங்கும். இரும்பு மலிவாகக் கிடைக்கும். நான் மிச்சப்படுத்தப் பார்ப்பது இந்த ஓட்டைகளைத்தான்.

கேள்வி: அந்தக் காலத்தில் இதற்கு என்ன தேவை இருந்தது? இரும்பு மலிவு, கொல்லரும் தெருவுக்குத் தெரு இருந்திருப்பாரே?

பதில்: பனிக்கட்டிதான் காரணம். வழுவழுப்பான லாடத்தோடு உறைந்த சாலையில் குதிரையால் நிற்கவே முடியாது. 1812இல் நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து பின்வாங்கியபோது பெரும்பாலான குதிரைகளுக்குப் பனிக்கால லாடம் இல்லை. மேட்டில் ஏற முடியாமல் விழுந்தன. விழுந்தவற்றால் எழ முடியவில்லை. பேரரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பாக இருந்த கோலன்கூர் தன் லாயத்துக் குதிரைகளுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். குதிரைகள் அவ்வளவு அழிந்ததற்கு லாடத்தில் காட்டிய அலட்சியத்தை அவர் பின்னர் வேதனையோடு எழுதி வைத்தார். படித்தபோது எனக்கும் தூக்கம் வரவில்லை.

பனிக்காலத்துக்கு எளிய வழி, சாதாரண லாட ஆணிகளில் இரண்டு மூன்றைப் பிடுங்கிவிட்டுத் தலை கூரான ஆணிகளை அந்த ஓட்டைகளிலேயே அடிப்பது. லாடத்தில் மாற்றத்தக்க பாகம் என்று பார்த்தால் இது மிகப் பழையது. இன்னொரு வழி லாடத்தின் அடியிலேயே கூரான முளைகளை அடித்து உருவாக்குவது. அவை கல் பாவிய நகரத் தெருக்களில் சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் லாடத்தைப் பிடுங்கி, உலையில் காய்ச்சிக் கூராக்கி, திரும்ப அடிக்க வேண்டும். பனி பெய்த மறுநாள் காலையில் ஊரில் உள்ள வண்டிக்காரர் எல்லோரும் ஒரே கொல்லுப்பட்டறை வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் 'நெவர்ஸ்லிப்' என்ற நிறுவனம், வண்டிக்காரரே லாயத்தில் ஸ்பேனரால் கழற்றி மாட்டக்கூடிய திருகு முளைகளைச் செய்து விற்றது. அது நன்றாக ஓடியதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ஹென்றி பர்டன் 1835இலேயே லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பின்னால் வந்த அவரது இயந்திரம் நிமிடத்துக்கு 60 லாடம் தள்ளியது. எல்லா லாடமும் ஒரே அளவில் வந்தால்தானே எந்த முளையும் எதிலும் பொருந்தும்?

கேள்வி (சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்): இரண்டு அடுக்கு லாடம் செய்து நான்கு போல்ட்டால் பூட்டினேன். ஒரு வாரத்தில் ஆடத் தொடங்கிவிட்டது. என்ன தவறு?

பதில்: நானும் முதன்முதலில் இதையேதான் செய்தேன். ஒன்பதாம் நாள் போல்ட் தலைகள் சாலையில் தேய்ந்து தட்டையாகிவிட்டன, ஸ்பேனர் பிடிக்கவில்லை. குதிரையைத் தாங்கலாக நிற்கவைத்து ஒவ்வொன்றாக உளியால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குதிரை பொறுமையாக நின்றது. அதைப் பொறுமையின் எல்லைவரை கொண்டுபோனேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, பூட்டும் தலை தேயும் பரப்பிலேயே இருப்பது. அடிப்பகுதி எவ்வளவு தேயலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 5 மில்லிமீட்டர் என்றால் தலை அதற்கும் ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். அடிப்பகுதி முழுவதும் தேய்ந்த பிறகும் சாவி பிடிக்கும் அளவுக்குத் தலை மிஞ்ச வேண்டும். குழியில் மண்ணும் கல்லும் இறுகாமலிருக்க எண்ணெயில் நனைத்த பஞ்சையோ ரப்பர் அடைப்பானையோ செருகுங்கள்.

இரண்டாவது, மரை தளர்வது. குதிரை நடக்கும்போது ஒவ்வொரு காலும் ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் முறைக்கு மேல் தரையில் இறங்கும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் இறங்கும். 450 கிலோ குதிரை என்றால் ஆயிரம் கிலோவுக்கு மேல். போல்ட்டைத் தளர்த்துவது இந்த நேர் பாரம்கூட இல்லை. கால் தரையில் பட்டதும் சற்று சறுக்கி நிற்கிறதே, அப்போது இரண்டு அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நகரப் பார்க்கின்றன. அந்த நகர்வுதான் மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. பக்கவாட்டுத் தள்ளலைப் போல்ட்டிடம் விடாதீர்கள். மேல் அடுக்கில் ஒரு பள்ளமும் கீழ் அடுக்கில் அதில் அமரும் மேடும் வைத்து, அவை தாங்கும்படி செய்யுங்கள். போல்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தால் போதும்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 8 மில்லிமீட்டர் கனமுள்ள லாடத்தில் 3/8 அங்குல மரை போட்டால், அங்குலத்துக்கு 16 சுற்று என்ற கணக்கில், உள்ளே பிடிப்பது ஐந்தே ஐந்து சுற்று. அதில் ஒரு சுற்று துருப்பிடித்தாலே பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மரையே வேண்டாம் என்று கூம்பு வடிவத் தண்டை ஓட்டையில் சுத்தியலால் இறுக்கும் முளைகளும் உண்டு. அடிக்க அடிக்க இறுகும், நடக்க நடக்க இன்னும் இறுகும். எனக்கு அவைமேல்தான் நம்பிக்கை அதிகம். கழற்றத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

கேள்வி: நம் ஊரில் மாட்டுக்கு அடிக்கும் லாடம் இரண்டு துண்டாகத்தானே இருக்கிறது? அதை மாற்றத்தக்க பாகம் என்று சொல்லலாமா?

பதில்: மாட்டின் குளம்பு பிளவுபட்டது. இரண்டு பாதியும் தனித்தனியே அசையும் என்பதால் காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கும் எட்டு. ஒரு தகடு போனால் அதை மட்டும் மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மெல்லிய தகட்டை இன்னும் பாகம் பாகமாகப் பிரிக்க அதில் கனம் இல்லை. குதிரை நின்றபடி காலைக் கொடுக்கும். மாட்டைக் கயிறு போட்டுப் படுக்கவைத்துத்தான் அடிக்கிறோம். அடிக்கடி கழற்றி மாட்டும் எதுவும் மாட்டுக்குக் கொடுமையாகவே முடியும்.

கேள்வி (மலையூரில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்): தார்ச்சாலையில் சறுக்குகிறது. பழைய டயரை வெட்டி அடியில் திருகி மாட்டலாமா? அல்லது எப்போதும் முளை வைத்தே விடலாமா?

பதில்: ரப்பர் நல்லதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியிலேயே மேலை நகரங்களில் வண்டிக் குதிரைகளுக்கு ரப்பர் மெத்தை வைத்தார்கள். ஆனால் லாரி, கார் டயர்களுக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கும். ரப்பர் தேய்ந்ததும் அந்தக் கம்பி முனைகள் வெளியே வந்து மறுகாலைக் கிழிக்கும். கம்பி இல்லாத ரப்பர்த் தகடாகப் பார்த்து வாங்குங்கள். அதை லாடத்தின் வெளி விளிம்பைத் தாண்டி ஒரு நூல்கூட நீட்ட விடாதீர்கள். பின்னங்கால் முன்னங்கால் லாடத்தின் குதிகாலை மிதிப்பது சாதாரணமாக நடப்பது. நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எதுவானாலும் மிதிபட்டுக் குளம்புச் சுவரோடு பிய்ந்து வரும்.

முளையை எப்போதும் வைத்திருக்கக் கூடாது. சறுக்கல் முழுவதும் கெட்டது என்று நினைக்காதீர்கள். கால் இறங்கியதும் சிறிது சறுக்கி நிற்பது அதிர்ச்சியைக் குறைக்கும் இயற்கையான ஏற்பாடு. அதை அடியோடு நிறுத்தினால் அந்த அதிர்ச்சி மூட்டுக்கும் தசைநாணுக்கும் போகும். கடினமான சாலையில் உயரமான முளை வைத்தால் குளம்பு மேடையில் நிற்பது போல நிற்கும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஒவ்வோர் அடியிலும் கால் கோணும். உங்கள் குதிரைக்குப் பரப்பிலிருந்து சற்றே எழும்பிய, மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு ஊசிகள் போதும். பெரிய முளைகள் தேவைப்படும் நாளில் மாட்டுங்கள், வேலை முடிந்ததும் கழற்றுங்கள். லாயத்தில் படுத்து எழும்போது தன் முளையால் தன்னையே குத்திக்கொண்ட குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நானே மாற்றிக்கொள்ளலாமா, லாடம் அடிப்பவர் வேண்டுமா?

பதில்: திருகும் பாகத்தை நீங்களே மாற்றலாம். ஆணியைத் தொடாதீர்கள். குளம்பின் அடியில் சுவரும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். அந்த வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு ஆணி போனால் உயிருள்ள சதையில் இறங்கியது என்று பொருள்.

கேள்வி: குளம்பின் அடியில் புண் வந்து, சீழ் எடுத்த குதிரைக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். அதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: இந்தத் துறையில் கழற்றி மாட்டும் பாகத்தால் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய நன்மை இதுதான். லாடத்தில் மூன்று நான்கு இடத்தில் துளையிட்டு மரை போட்டு, குளம்பின் அடியை முழுவதும் மூடும்படி ஒரு அலுமினியத் தகட்டைத் திருகிவிடுவார்கள். சிகிச்சைத் தகடு என்று சொல்லலாம். காலையில் தகட்டைக் கழற்றிப் புண்ணைக் கழுவி, மருந்தும் பஞ்சும் வைத்துத் திரும்ப மூடலாம். புண்ணில் சாணமும் ஈரமும் படாது. தினமும் துணியைச் சுற்றிப் பிசின் நாடாவால் கட்டும் தொல்லையும் இல்லை. கால்நடை மருத்துவர் மருந்தைச் சொல்வார். லாடம் அடிப்பவர் தகட்டைப் பொருத்துவார். இருவரும் ஒரே நேரத்தில் குதிரையின் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தகடு புண்ணின்மேல் அழுத்தக் கூடாது, வளைந்தாலும் தொடக் கூடாது, இடைவெளி முக்கியம்.

கேள்வி: என் குதிரைக்கு எப்போதும் வலப்பக்க முன்நுனிதான் தேய்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் மாற்றுத் துண்டு செய்து தர முடியுமா?

பதில்: முடியும், ஆனால் செய்ய மாட்டேன். தேய்ந்த லாடம் அந்தக் குதிரை எப்படி நடந்தது என்பதன் பதிவு. ஒரே இடத்தில் தேய்கிறது என்றால் குளம்பு கோணலாகச் சீவப்பட்டிருக்கலாம், மேலே எங்கோ வலி இருக்கலாம், சவாரி செய்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரலாம். துண்டை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் அந்தப் பதிவை நாமே அழித்துவிடுவோம். அடுத்த முறை கழற்றும் நான்கு லாடங்களையும், எது எந்தக் கால் என்று குறித்து, எடுத்து வையுங்கள். முதலில் அவற்றைப் பார்ப்போம்.

கேள்வி: முப்பரிமாண அச்சில் செய்தால்?

பதில்: ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2013இல் ஒரு பந்தயக் குதிரையின் குளம்பை ஸ்கேன் செய்து டைட்டானியத்தில் லாடம் அச்சிட்டது. எடை குறைவது பெரிய லாபம். காலின் கடைசி நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமையும் குதிரை ஒவ்வோர் அடியிலும் வீச வேண்டியிருக்கிறது. ஆனால் அச்சிடும் அளவு அன்றைய குளம்பின் அளவு. அடுத்த சீவலுக்குப் பிறகு அது வேறு குளம்பு.

கேள்வி (முதலில் கேட்ட மாணவியே): அப்படியானால் என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு எதைச் செய்யட்டும்?

பதில்: முழு அடிப்பகுதியையும் விட்டுவிடுங்கள். முன்நுனியில் மட்டும் பதியும் ஒரு தேய்மானத் துண்டைச் செய்யுங்கள். தேய்மானம் அதிகம் அங்கேதான். குதிகால் பக்கம் எதுவும் மாறாது. குளம்பின் குதிகால் ஒவ்வோர் அடியிலும் விரிந்து சுருங்கும். அதனால்தான் குளம்பின் மிக அகன்ற இடத்துக்குப் பின்னால் ஆணி அடிப்பதில்லை. பழைய லாடத்தின் மேற்பரப்பைப் பாருங்கள், அந்த அசைவு இரும்பில் பள்ளமே போட்டிருக்கும். அந்த அசைவுக்குத் தடை வராத வடிவம் வேண்டும். மொத்தக் கனம் சாதாரண லாடத்தைவிடக் கூடக் கூடாது. லாடத்தை அலுமினியத்திலும் துண்டை எஃகிலும் செய்தால், ஈரத்தில் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உயிருள்ள குதிரைக்குப் போகும் முன், இறைச்சிக் கூடத்திலோ கால்நடைக் கல்லூரியிலோ கிடைக்கும் இறந்த குதிரையின் குளம்பில் அடித்துப் பாருங்கள். துண்டை எதிலாவது மாட்டி இழுங்கள். குளம்புச் சுவர் கிழிவதற்கு முன் துண்டு கழன்று வந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த கட்டத்துக்கு என் பட்டறையில் இடம் தருகிறேன்.