வரலாறு கற்பிக்கும் விளையாட்டை எப்படி வடிவமைப்பது?

மாணவர்களுக்கு வரலாறு சொல்லித்தர ஒரு விளையாட்டு உருவாக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டும் பெயரும் கேட்டுப் புள்ளி கொடுப்பதிலிருந்து தொடங்காதீர்கள். அது தேர்வுத்தாள்தான், பகடை மட்டும் கூடுதல். யாரோ ஒருவர் முடிவெடுக்கத் திணறிய தருணத்தைப் பிடியுங்கள்.

உதாரணமாக, 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி: சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்கப்போய், அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்த சமயம். மாணவர்கள் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள். கையில் உளவு விமானம் எடுத்த படங்கள். குண்டு வீசுவதா, படையெடுப்பதா, கடல்வழியை மறிப்பதா? ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செய்தி அட்டை வரட்டும்: சோவியத் தலைவர் குருஷேவின் முதல் கடிதம், அதைவிடக் கறாரான இரண்டாவது, அக்டோபர் 27இல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கியூபாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட தகவல். அன்று அவர்களுக்குத் தெரியாததை ஆட்டத்திலும் மறைத்து வையுங்கள். தீவில் குறுந்தூர அணு ஆயுதங்கள் ஏற்கெனவே வந்திறங்கியிருந்தது அமெரிக்கத் தரப்புக்குத் தெரியாது. அந்த அட்டையைக் கடைசியில் திறங்கள். படையெடுக்கச் சொன்ன குழுவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

சரி, ஆட்டம் உண்மை வரலாற்றிலிருந்து விலகிப் போனால்? போகட்டும். ஏன் விலகியது என்று பேச, விளையாடிய அளவுக்கே நேரம் ஒதுக்குங்கள். கணினி கட்டாயமில்லை, காகித அட்டைகளே போதும். அப்புறம் ஒன்று: அடிமை வணிகம், இனப்படுகொலை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் வேடத்தை மாணவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அங்கே ஆவணங்களை ஒப்பிட்டுத் துப்பறியும் ஆட்டம்தான் சரிப்படும்.