களுவாஞ்சிக்குடி: தரம் 8 மகனை பள்ளியில் அடிக்கிறார்கள்

அக்கா, நான்கு பெரிய பையன்கள் பள்ளி மலசலகூடத்துக்குப் பக்கத்தில் வைத்து உங்கள் மகனை அடித்ததையும், வகுப்பாசிரியர் "பொடியன்களுக்குள் விளையாட்டு" என்று சொன்னதையும் உங்கள் பதிவில் வாசித்தேன். நெஞ்சு பதறியது. நானும் மட்டக்களப்பில் இதைக் கடந்தவள்தான். என் மகன் வாரம் இரண்டு தரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவான். பள்ளிப் பையன்கள் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். "காத்துப் போயிட்டு" என்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். நான் விளங்காமல் பம்ப் வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனது வலிக்கிறது.

முதலில் காயத்தைப் படம் எடுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், யார் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள், திகதியோடு. ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். அசையாவிட்டால் அதே பிரதியோடு பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். 1929க்கு கோல் எடுத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, தமிழிலும் பேசலாம்.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். பள்ளி நேரத்தில், மதிலுக்குள் நடந்தது பள்ளியின் பொறுப்புத்தான். அந்தப் பையன்களின் பெற்றோரும் வந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் தனியாக அவர்கள் வீட்டுக்குப் போகாதீர்கள், ஊர்ச் சண்டையாகிவிடும். அதிபர் முன்னால் பேசுங்கள்.

மகனிடம் "நீ ஏன் திருப்பி அடிக்கவில்லை" என்று மட்டும் கேட்க வேண்டாம், அக்கா.